பிறநாட்டுக் கல்வியும் கடலாமைக் காவலும்



நம் பிள்ளைகள் மேற்படிப்புக்காகக் கடல் கடந்து செல்வது இன்று நேற்றுத் தோன்றிய வழக்கமன்று. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு வீதியில் நின்று வீடு வீடாக விசாரித்தால், சென்னையிலோ இலண்டனிலோ மெல்பேர்னிலோ படிக்கும் பிள்ளையொன்றைப் பற்றி யாரேனும் ஒருவர் சொல்லாதிருத்தல் அரிது. காணியை விற்றும், நகையை அடகு வைத்தும், உறவினரிடம் கைமாற்று வாங்கியும் பெற்றோர் அவர்களை அனுப்பி வைக்கின்றனர். ஆகவே, அங்கே பிள்ளைகள் செலவிடும் ஒவ்வொரு நாளையும் பெற்றோர் கணக்குப் பார்ப்பது இயல்பேயாகும். அத்தகைய பிள்ளையொன்று, "சனிக்கிழமை இரவு முழுவதும் கடற்கரையில் நடந்து ஆமை முட்டை தேடினேன்" என்று வீட்டுக்கு எழுதினால் என்ன நிகழும்? "படிக்கப் போன இடத்தில் ஆமைக்கு என்ன வேலை?" என்ற கேள்வி எழும். இக்கேள்வியைப் பெற்றோர் சிலர் என்னிடமே வந்து கேட்டதுண்டு. நியாயமான அக்கேள்விக்கு நியாயமான விடையொன்றைத் தேடுவதே இன்றைய என் பேச்சின் நோக்கமாகும்.

முதலில் ஆமையைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம். உலகிலுள்ள கடலாமை இனங்கள் ஏழு. அவற்றுள் ஐந்து இனங்கள் நம் இலங்கைக் கரைகளில் ஏறி முட்டையிடுகின்றன. சென்னைக் கரையிலோ பெரும்பாலும் ஓரினமே ஏறுகின்றது. அதனைத் தமிழர் பங்குனி ஆமை என்பர். மார்கழி கழிந்து தை பிறந்த பின்னர் இவ்வாமைகள் கரையை நாடி வரத் தொடங்கும். மாசி, பங்குனி மாதங்களில் முட்டையிடல் மிகும். பெண் ஆமை இரவிலே மணலேறி, பின்கால்களால் முழங்கையளவு ஆழமான குழியொன்றைத் தோண்டும். அக்குழி வாய் குறுகியும் அடி பருத்தும் ஒரு குடுவை போல இருக்கும். அதிலே நூறுக்கு மேற்பட்ட முட்டைகளை இட்டு, மணலால் மூடி, தன் உடலால் அம்மணலை அமுக்கிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். பின்னர் அது தன் குஞ்சுகளைக் காண்பதில்லை. ஏறத்தாழ 45 நாள் முதல் 60 நாள் வரை மணலின் வெப்பமே அம்முட்டைகளை அடைகாக்கும்.

இதிலே வியக்கத்தக்க செய்தியொன்று உண்டு. குஞ்சு ஆணாவதும் பெண்ணாவதும் அம்மணலின் வெப்பத்தைப் பொறுத்தவை. ஏறத்தாழ 29 பாகைக்கு மேல் வெப்பம் ஏற ஏறப் பெண் குஞ்சுகள் மிகும்; குறையக் குறைய ஆண் குஞ்சுகள் மிகும். உலகம் வெப்பமாகி வருகின்றது என்று பத்திரிகைகளிற் படிக்கிறோம். அச்செய்தி ஒரு முட்டைக்குள்ளே எவ்வாறு நுழைகின்றது என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் வேண்டுமோ?

முட்டையை விட்டு வெளிவரும் குஞ்சு இரவிலேதான் வெளிவரும். இயற்கையான கடற்கரையில் தரையைக் காட்டிலும் கடலின் அடிவானமே சிறிது வெளிச்சமாக இருக்கும். அவ்வெளிச்சத்தையே வழிகாட்டியாகக் கொண்டு குஞ்சு நீரை நோக்கி ஓடும். மனிதன் கரையோரத்தில் மின்விளக்கு நாட்டிய நாளிலிருந்து அக்கணக்குப் பிழைத்துவிட்டது. குஞ்சுகள் கடலை விட்டுத் தெருவை நோக்கி ஓடத் தொடங்கின. நாயும் காகமும் வாகனச் சில்லுகளும் அவற்றுக்காகக் காத்திருந்தன. முட்டைகளைத் தோண்டி விற்றவர்களும் இருந்தனர்.

இந்நிலையைக் கண்டு, 1970களின் தொடக்கத்திலே சென்னையில் ஒரு சிறு குழுவினர் இரவிற் கடற்கரையில் நடக்கத் தொடங்கினர். சென்னைப் பாம்புப் பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேக்கர் அவர்களுள் ஒருவர். சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்ப நிறுவனத்திற் பொறியியல் பயில வந்த சதீஷ் பாஸ்கர் மற்றொருவர். இவர் கேரளத்தவர். படிப்புக்காக வீட்டை விட்டு வந்த இளைஞர் ஒருவரைக் கடல் தன்வசமாக்கிக்கொண்டது எனலாம். பிற்காலத்தில் அவர் இந்தியாவின் கரையோரங்களையும் அந்தமான், நிக்கோபார், இலட்சத்தீவுகளையும் கால்நடையாகவே நடந்து, ஆமைகள் எங்கெங்கே முட்டையிடுகின்றன என்று கணக்கெடுத்தார். இந்தியாவின் கடலாமை ஆராய்ச்சிக்கு அக்கணக்குகள் அடித்தளமாயின. அவர் 2023ஆம் ஆண்டிற் காலமானார்.

அவர் வாழ்விலே இலங்கையரும் பெருமைப்படத்தக்க நிகழ்ச்சியொன்று உண்டு. 1982ஆம் ஆண்டு, தென்மேற்குப் பருவக் காற்று வீசும் காலம் முழுவதையும் அவர் இலட்சத்தீவுகளைச் சேர்ந்த சுஹேலி என்னும் ஆளற்ற தீவிலே தனியராகக் கழித்தார். பச்சை ஆமை முட்டையிடும் பருவம் அதுவே. அக்காலத்தில் அத்தீவுக்குப் படகு போகாது, தபாலும் போகாது. சென்னையிலிருந்த மனைவிக்கு ஒரு கடிதம் எழுதி, போத்தலொன்றில் இட்டு அடைத்து, ஜூலை மாதத் தொடக்கத்திற் கடலில் விட்டார். இருபத்துநான்கு நாட்களின் பின், ஏறக்குறைய 800 கிலோமீற்றர் தொலைவிலே, இலங்கைக் கடற்றொழிலாளர் ஒருவர் கையில் அப்போத்தல் கிடைத்தது. அவர் அதைத் தூக்கி எறிந்துவிடவில்லை. தம் கைப்பட ஒரு கடிதமும், தம் குடும்பத்தின் புகைப்படமும் சேர்த்து, அதனை அவ்வம்மையாருக்குத் தபாலில் அனுப்பி வைத்தார். தம் வீட்டுக்கு வருமாறு அழைப்பும் விடுத்தார். முகமறியாத ஒருவரின் கடிதத்தை உரியவரிடம் சேர்ப்பதற்கு அவருக்கு யார் கூலி கொடுத்தார்? ஒருவருமில்லை. தொண்டு என்ற சொல்லுக்கு நீண்ட விளக்கம் தேடுவோர் அந்தக் கடற்றொழிலாளரை நினைத்துக்கொண்டாற் போதும்.

மீண்டும் சென்னைக்கு வருவோம். தொடக்கத்தில் ஆர்வலர் சிலர் செய்த பணியைப் பின்னர் நிறுவனங்களும் அரசின் வனத்திணைக்களமும் சில காலம் நடத்தின. 1988ஆம் ஆண்டில் மாணவர்கள் சிலர் ஒன்றுகூடி, மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பு என்ற பெயரில் அதனைத் தாமே ஏற்றுக்கொண்டனர். இன்று ஆமை ஆராய்ச்சியில் உலகறிந்த அறிஞராக விளங்கும் கார்த்திக் சங்கர் அன்று அம்மாணவர்களுள் ஒருவர். ஆண்டுதோறும் தை முதல் பங்குனி வரை, நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை, ஏறத்தாழ ஏழு கிலோமீற்றர் தூரத்தை இத்தொண்டர்கள் இரவிலே நடந்து கடக்கின்றனர். வனத்திணைக்களத்தின் அனுமதியுடனேயே இப்பணி நடைபெறுகின்றது.

அங்கே செய்யப்படும் வேலை என்ன? மணலிற் பதிந்த ஆமைத் தடத்தைக் கண்டால் அதனைப் பின்தொடர்வர். தடம் முடியுமிடத்தில் ஒரு கோலால் மணலை மெல்லக் குத்திப் பார்ப்பர். இறுகிய மணலிற் கோல் இறங்காது. முட்டைக் குழியின் மேலே மட்டும் நெகிழ்ந்து இறங்கும். பின்னர் கையால் மணலை அகற்றி, முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து எண்ணுவர். குழியின் ஆழத்தையும் அளப்பர். முட்டைகளைக் குலுக்குதலும் புரட்டுதலும் ஆகா. அவ்வாறு செய்தால் உள்ளேயிருக்கும் கரு அழியும். வேலியிட்ட காப்பகத்திலே அதே ஆழத்தில், அதே வடிவிற் குழி தோண்டி அவற்றைப் புதைத்து, நாளையும் எண்ணிக்கையையும் குறித்து வைப்பர். நாட்கள் நிறைந்ததும் வெளிவரும் குஞ்சுகளைக் கடலோரத்து மணலில் விடுவர். நீரில் தூக்கிப் போடுவதில்லை. அவை தாமே ஓடிச் சென்று அலையைச் சேர வேண்டும். அத்தனை குஞ்சுகளும் பிழைக்குமோ எனின், இல்லை. ஆயிரத்தில் ஒன்று வளர்ந்து முதிர்ந்தால் அதுவே பெரிது என்பர்.

எங்கள் பாடசாலையிற் கற்றுச் சென்னையிற் பட்டப்படிப்புப் பயின்ற மாணவி ஒருவர், விடுமுறையில் வந்தபோது இவ்வனுபவத்தை எனக்குக் கூறினார். "சேர், முதல் மூன்று இரவும் ஒன்றையுமே காணவில்லை. நான்காம் இரவு கண்டது செத்த ஆமை. ஐந்தாவது முறைதான் முட்டை கிடைத்தது. அன்றைக்கு விடியும்வரை எண்ணினோம்" என்றார். அவருடைய தந்தையாரும் உடனிருந்தார். "இவ்வளவு பாடுபட்டும் கையிலே என்ன மிஞ்சியது?" என்று அவர் கேட்டார். மாணவி சிறிது யோசித்துவிட்டு, "கொப்பியிலே நூற்றுப் பதினெட்டு என்று எழுதினோம், அப்பா" என்றார். தந்தையார் சிரித்துவிட்டார். நானோ அம்மறுமொழியை எளிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கண்டதைக் கண்டவாறு எண்ணிக் குறித்தல், காணாத இரவையும் காணவில்லை என்றே பதிதல், பலன் உறுதியில்லாத வேலையையும் ஒழுங்காகச் செய்தல் ஆகியவற்றைக் கற்பிக்கத்தானே நாம் ஆண்டுக்கணக்காக வகுப்பறையிற் பாடுபடுகின்றோம்?

நேயர்களே, அம்மாணவி நான்காம் இரவிற் கண்ட செத்த ஆமையைப் பற்றியும் நாம் பேசவேண்டும். இப்பணியின் உண்மையான சிக்கல் அங்கேதான் இருக்கின்றது. 2025ஆம் ஆண்டு ஜனவரி மாதத்திலே சென்னைக் கரையிலும் அதனை அடுத்த கரைகளிலும் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. ஆமை நீரில் வாழ்வதாயினும் நுரையீரலாற் சுவாசிப்பது. அடிக்கடி மேலெழுந்து மூச்செடுக்க வேண்டும். கடலடியைத் துடைத்துச் செல்லும் இழுவை வலையிற் சிக்கி நெடுநேரம் நீருக்குள்ளே இருந்தால் அது மூச்சடைத்து இறந்துவிடும். தமிழ்நாட்டிலே கரையை அண்டிய கடலில் இயந்திரப் படகுகள் இழுவை வலை இழுப்பதைத் தடுக்கும் சட்டம் 1983ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. வலைக்குள்ளே கம்பிச் சட்டமொன்றைப் பொருத்தினால், மீன் கம்பிகளுக்கிடையாற் சென்றுவிடும். ஆமை கம்பியில் முட்டி, மேலேயோ கீழேயோ உள்ள வாயிலாற் தப்பிவிடும். அத்தகைய கருவியும் பல்லாண்டுகளாக உண்டு. சட்டமும் உண்டு, கருவியும் உண்டு; ஆயினும் ஆமைகள் சாகின்றன. சிறிது மீனும் அவ்வாயிலால் வெளியேறிவிடும் என்று படகுக்காரர் தயங்குகின்றனர். கடனில் ஓடும் படகுக்கு ஒரு கூடை மீனும் பெரிதுதான்.

இதே இழுவை வலைகள் நம் வடபகுதிக் கடற்றொழிலாளருக்கு விளைவித்துள்ள இன்னலை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டு இழுவைப் படகுகள் இரவிலே எல்லை கடந்து வந்து, யாழ்ப்பாணத்து, மன்னாரத்துத் தொழிலாளர் விரித்த வலைகளை அறுத்துச் செல்லும் துயரம் பல ஆண்டுகளாகத் தொடர்கின்றது. இலங்கையிலே 2017ஆம் ஆண்டில் இழுவை முறை மீன்பிடி சட்டத்தால் முற்றாகத் தடை செய்யப்பட்டது. இரு கரையிலும் தமிழரே நிற்கின்றனர். ஒரே மொழி பேசுவோர் ஒரே கடலில் மோதுகின்றனர். நம் மாணவி சென்னைக் கரையிற் கண்ட ஆமையைக் கொன்றதும் பருத்தித்துறைத் தொழிலாளியின் வலையை அறுத்ததும் ஒரே முறையான மீன்பிடிதான். இதனைப் பத்திரிகையிற் படித்து அறிதல் ஒன்று. அக்கரைக் குப்பத்திலே அமர்ந்து, அங்குள்ள மீனவர் தம் கடனையும் கவலையையும் சொல்லக் கேட்டு அறிதல் மற்றொன்று. இரு கரையின் நியாயத்தையும் கேட்டறிந்த இளைஞர் நமக்கு மிகவும் தேவை. நாளை இவ்வழக்கைப் பேசித் தீர்க்கும் மேசையில் அமரப்போகின்றவர்கள் அவர்களே.

ஆமைக்கோ எல்லை தெரியாது. ஒடிசாக் கரையில் அடையாளமிடப்பட்ட பங்குனி ஆமைகள் தெற்கு நோக்கி நீந்தி இலங்கைக் கடலுக்கு வந்துள்ளன. சென்னையிலே காப்பாற்றப்படும் முட்டையினால் முல்லைத்தீவுக் கடலும் பயன் பெறக்கூடும். "அந்நிய நாட்டு ஆமைக்கு நம் பிள்ளை ஏன் உழைக்க வேண்டும்?" என்று கேட்பார்க்கு இதுவே விடை.

பிறநாட்டிற் படிக்கப் போய் அழியும் பொருளொன்றைக் காப்பாற்றுதல் நம் மரபுக்குப் புதிதுமன்று. 1857ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் யாழ்ப்பாணத்தவர் என்பதை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். அவர்களுள் ஒருவராகிய சி. வை. தாமோதரம்பிள்ளை வழக்கறிஞராகவும் நீதிபதியாகவும் உயர்ந்தவர். ஆனால் அப்பதவிகளுக்காகவா இன்று அவரை நினைக்கிறோம்? செல்லரித்துக் கொண்டிருந்த ஏடுகளைத் தேடித் தொகுத்து, வீரசோழியம், கலித்தொகை, சூளாமணி முதலிய நூல்களை அச்சேற்றினாரே, அதற்காகவன்றோ நினைக்கிறோம்? கலித்தொகை 1887ஆம் ஆண்டில் அவரால் வெளிவந்தது. அவ்வுழைப்பை அவருடைய தேர்வுத்தாளில் எவரும் கேட்கவில்லை. அதற்குச் சம்பளமும் இல்லை. ஏடு வேறு, ஆமை முட்டை வேறு என்பதை நான் அறிவேன். எனினும், நம் கண்முன்னே ஒன்று அழிகின்றபோது, "இது என் பாடத்திட்டத்தில் இல்லை" என்று விலகாத மனம் இரண்டிடத்தும் ஒன்றே.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் கூறவேண்டும். தொண்டு என்ற பெயரில் நடப்பவையெல்லாம் தொண்டாகா. பெருந்தொகை கட்டணம் பெற்றுக்கொண்டு, இரண்டு வாரம் இளைஞரை அழைத்துச் சென்று, விலங்கோடு படம் பிடித்து அனுப்பும் வணிகம் இன்று உலகெங்கும் பெருகியுள்ளது. நம் நாட்டுத் தென்கரையிலும் ஆமைக் குஞ்சுகளைத் தொட்டிகளில் நாட்கணக்காக வைத்து வெளிநாட்டார்க்குக் காட்டும் இடங்கள் உண்டு. முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சு, முதல் நாளிலே ஓயாது நீந்தி, பகைவர் மிகுந்த கரையோரக் கடலைத் தாண்டிவிட வேண்டும். அதற்கான வலிமையை இயற்கை அந்நேரத்துக்கென்றே கொடுத்திருக்கின்றது. அவ்வலிமையைத் தொட்டிச் சுவரில் முட்டி முட்டிச் செலவழித்த குஞ்சைப் பின்னர் கடலில் விட்டால், அது பாதுகாப்பு ஆகுமோ?

ஆகவே, ஒரு பயணத்திற் சேருமுன் மாணவர்கள் நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நன்று. அந்நாட்டு அரசின் அனுமதி உண்டா? செலுத்தும் பணம் எதற்குச் செலவாகின்றது? அவ்வூர் மக்கள் அப்பணியில் உடன்பங்காளராக இருக்கின்றனரா? நாம் வந்து போன பின்னும் அவ்வேலை நடக்குமா? இவற்றுக்கு நேரான விடை கிடைக்குமிடத்திற் சேரலாம். குழுவாகச் செல்லுதல், போகுமிடத்தை வீட்டுக்கு அறிவித்தல், தேர்வுக் காலத்தில் விலகியிருத்தல் என்பன பெற்றோர் கேட்கத்தக்க நிபந்தனைகள். அவற்றை மாணவர் மீறலாகாது. அத்துடன், வழிநடத்துபவர் அனுமதியின்றி எவ்வுயிரையும் தொடுதல் தகாது. இந்தியாவிலே இவ்வாமைகள் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டத்தாற் காக்கப்பட்டவை. அந்நாட்டில் விருந்தினராக இருக்கும் மாணவர் அந்நாட்டுச் சட்டத்தை அறிந்திருத்தல் கடமை.

இனி, பிறநாட்டிற் கற்றது சொந்த நாட்டுக்குப் பயன்படவேண்டாவோ? நம்மிடமும் 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் உண்டு. கடலாமையைக் கொல்லுதலும் முட்டையை எடுத்தலும் அதன்கீழ்க் குற்றங்களாகும். தங்காலையை அடுத்த இறேக்காவையிலே ஆமைகள் ஏறும் கரை சரணாலயமாக அறிவிக்கப்பட்டுள்ளது. ஆனால் நம் கடந்தகாலம் முற்றும் தூயதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே யாழ்ப்பாணச் சந்தையில் உயிரோடிருக்கும் ஆமையைச் சிறிது சிறிதாக அறுத்து விற்ற கொடுமையை எமேர்சன் தெனந்து எழுதி வைத்திருக்கிறார். அந்நிலையிலிருந்து நாம் நெடுந்தூரம் வந்துவிட்டோம் என்பதில் ஐயமில்லை. வரவேண்டிய தூரமும் இன்னும் உண்டு.

2021ஆம் ஆண்டு மே மாதத்திலே, கொழும்புத் துறைமுகத்துக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் என்னும் கப்பல் தீப்பற்றி எரிந்ததைக் கொட்டாஞ்சேனை மக்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஜூன் மாதத் தொடக்கத்தில் அக்கப்பல் மூழ்கியது. பிளாஸ்ரிக் மணிகள் வெள்ளை மணலோடு மணலாகக் கரையெங்கும் குவிந்தன. தொடர்ந்து வந்த வாரங்களிற் செத்த ஆமைகள் கரை ஒதுங்கின. அப்போது கடற்படையினரோடும் இராணுவத்தினரோடும் இளந்தொண்டர்களும் சேர்ந்து, சரக்குவைக் கரை முதலிய இடங்களிலே மணலைச் சலித்தெடுத்தனர். ஒரு பிடி மணலிலிருந்து மணிகளைப் பிரிக்கும் அவ்வேலைக்கும், சென்னையிலே ஒரு கோலால் மணலைக் குத்திப் பார்க்கும் வேலைக்கும் வேண்டிய பொறுமை ஒன்றே. ஓரிடத்திற் பழகிய கை மற்றோரிடத்தில் உதவும்.

வெளிநாடு செல்ல வசதியில்லாத மாணவர்களும் மனந்தளர வேண்டியதில்லை. வெள்ளவத்தையிலிருந்து சிறிது தூரத்திலே பெல்லன்வில-அத்திடிய சதுப்புநிலம் இருக்கின்றது. 1990ஆம் ஆண்டு முதல் அது சரணாலயம். கொட்டாஞ்சேனையிலிருந்து களனி ஆற்றைக் கடந்து வடக்கே சென்றால் முத்துராஜவெல. 1996ஆம் ஆண்டில் அதன் ஒரு பகுதி சரணாலயமாயிற்று. ஈரநிலங்களைப் பேணும் நகரம் என்று கொழும்பு 2018ஆம் ஆண்டில் உலக அரங்கிலே ஏற்கப்பட்டது. மழைநீரை ஏந்தி வைத்து நம் வீடுகளுக்குள் வெள்ளம் புகாமற் காப்பவை இச்சதுப்புகளே. அங்கே வரும் பறவைகளை எண்ணிக் குறிப்பதற்குக் கடவுச்சீட்டு வேண்டியதில்லை. ஒரு கொப்பியும் பென்சிலும் போதும். பாடசாலைகள் தோறும் ஆசிரியர் ஒருவரும் மாணவர் பத்துப் பேரும் மாதம் ஒரு நாள் இதற்கென ஒதுக்கினால், பத்தாண்டில் நம் சதுப்புகளின் வரலாறு நம் பிள்ளைகளின் கையெழுத்திலேயே இருக்கும்.

பெற்றோர்களே, படிப்பை விட்டுவிட்டு ஆமையின் பின்னே போகும்படி நான் கூறவில்லை. அனுப்பிய நோக்கம் பட்டம்; அது நிறைவேறவேண்டும். ஆயினும், தொலைவிலுள்ள பிள்ளையோடு தொலைபேசியிற் பேசும்போது, சாப்பாட்டைப் பற்றியும் பரீட்சையைப் பற்றியும் விசாரித்த பின்னர், "இந்தக் கிழமை யாருக்காவது, எதற்காவது கூலியில்லாமல் ஏதும் வேலை செய்தாயா?" என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். உண்டு என்று பிள்ளை சொன்னால், என்ன வேலை, எவ்வளவு நேரம், யாரோடு என்று விரிவாகக் கேளுங்கள். கேட்பதற்கு வீட்டிலே ஒருவர் இருக்கின்றார் என்று தெரிந்தால், பிள்ளை மேலும் கவனமாகப் பார்க்கும். கண்டதை உங்களுக்குச் சொல்வதற்காகவேனும் செம்மையாகக் குறித்து வைக்கும்.